கேட்காமல் எழுதிய தீர்மானம்

வட்டார அலுவலகத்தின் மாதக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுபவர் சீனிவாசராகவன். ஆறு வருடங்களாக அந்த ஹாலில் அவர் காதில் ஒரு வாக்கியம்கூட முழுசாக விழுந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் சமாளித்துவிடுவார். நீள மேஜை, எட்டு மின்விசிறி, இருபது பேர் என்றால் எல்லாம் இரைச்சல். ரகசியமாக வாங்கிய காது மெஷினோ மின்விசிறியைத்தான் இன்னும் பலமாகக் கேட்க வைத்தது.

"ஃபேனுக்குன்னே மெஷின் வாங்கினேளா?" என்றாள் மனைவி சுப்புலக்ஷ்மி.

ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. விஷயம் தெரிந்தால் ரெக்கார்டு ரூமில் தள்ளிவிடுவார்கள். அதனால் அஜெண்டாவைப் பார்த்து ஊகித்து எழுதினார். எல்லோரும் மௌனமாக இருந்தால் 'ஏகமனதாக நிறைவேறியது'. அதை அடுத்த மாதம் யாரும் படிக்காமலே உறுதி செய்தார்கள். நாட்டில் இவ்வளவு எளிதாகப் பிரசுரமான எழுத்தாளர் வேறு யாரும் இல்லை என்று தன்னையே மெச்சிக்கொள்வார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஆஸ்டின் டவுனிலிருந்து ராதா என்ற டீச்சர் ஒரு மனு கொடுத்தாள். சாக்கடைப் புகாருக்காக வந்தவளுக்கு, காது மெஷின் போட்டும் அதிகாரிகள் சொன்ன பதில் கேட்கவில்லையாம். ஹாலைச் சுற்றி ஒரு வயர் ஓட்டி மைக்கோடு இணைத்தால், காது மெஷினில் ஒரு ஸ்விட்சைத் தள்ளியதும் பேச்சு நேராகக் காதுக்கே வரும். அதைச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தாள். சீனிவாசராகவனின் கண்ணாடி பனித்தது.

கூட்டத்தில் தலைவர் ரெமிஜியஸ் மனுவை ஓரமாகத் தள்ளியதை அவர் கண்ணால் பார்த்தார். காதால் கேட்காததை எப்படி நம்புவது? ஆறு வருடங்களில் முதல்முறையாக அன்றுதான் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினார். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்தது.

அடுத்த மாதம் அதுவும் உறுதியானது. கோப்பு நகர்ந்தது, கான்ட்ராக்டர் வந்தார், வயர் ஓடியது.

அதற்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில், மப்ளருக்குள் மறைத்திருந்த மெஷினின் ஸ்விட்சைத் தள்ளினார். மின்விசிறிகள் வாயை மூடின. ரெமிஜியஸின் குரல் மட்டும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

"இந்த வயரை யாருய்யா சேங்ஷன் பண்ணது? நான் வேணாம்னுல்ல சொன்னேன்?"

ஆறு வருடத் தவத்துக்குக் கிடைத்த முதல் வரம் இது. கேட்கவில்லை என்று இருந்துவிடலாம்; அதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் கடைசி நாற்காலியில் ராதா முதல்முறையாகத் தலையைச் சாய்க்காமல், நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மப்ளரை அவிழ்த்துவிட்டு எழுந்தார். "நான்தான் சார். எனக்கும் காது கேக்காது. ஆறு வருஷமா நானா எழுதிண்டிருக்கேன்."

சத்தமே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"ஆறு வருஷமா நாங்க பேசாததை எழுதியிருக்கீங்க, ஒருத்தனும் கண்டுபிடிக்கல," என்றார் ரெமிஜியஸ். "நாங்க பேசறதைக் கேக்கணும்னு ஆசப்பட்ட மொத ஆளு நீங்கதான் ராகவன் சார். வயர் இருக்கட்டும். இதையாவது கேட்டு எழுதுங்க."

கேட்டு எழுதினார். ஒரே வரி, இரண்டு அடித்தல் திருத்தல். கேட்டு எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.