விழ வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன்

முதலில் தவறியது என் வலது முழங்கால்.

லண்டனின் வால்தம்ஸ்டோவில் தேவாலயம் ஒன்றின் பின்புற மண்டபத்தில் சண்டைக்காட்சி ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எதிரே நின்ற சண்டை நடிகன் பிரசித்தின் விலாவுக்கு ஒரு கையகலம் முன்னால் என் முழங்கால் வந்து நிற்க வேண்டும். அது இடுப்புயரம்கூட எழவில்லை. மறுபடி முயன்றேன். பாதம் தரையில் இழுபட்டது. பிரசித் சிரித்தான். குளிர் என்று சொல்லி நானும் சிரித்தேன்.

சில நாட்களாகவே கால்விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அதற்கு முன் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து தேறியிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு அப்படி வந்தால் சேர்த்துப் பாருங்கள்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்தில், சயாம் எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்தவன். தாய்லாந்தை நாங்கள் சயாம் என்றுதான் சொல்வோம். இளவயதில் எல்லை தாண்டி பாங்காக் போய், அங்கே எடுக்கப்பட்ட சண்டைப் படங்களில் அடி வாங்கும் ஆளாகச் சேர்ந்தேன். பிறகு சண்டைகளை அமைப்பவன் ஆனேன். எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த வசந்தியை மணந்தேன். தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாங்காக்கின் பழைய நண்பர்கள் தங்கள் படத்தின் கடைசிச் சண்டையை லண்டனில் எடுக்க வந்தார்கள்; பிரசித்தும் அவர்களில் ஒருவன். அதை அமைத்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள்.

சயாம் சண்டையில் கைகள், முழங்கைகள், முழங்கால்கள், பாதங்கள் என எட்டும் ஆயுதம். ஆனால் திரையில் அடிப்பவனைவிட வாங்குபவனே முக்கியம். அவன் தலை திரும்பும் கணத்தில்தான் அடி உண்மையாகிறது. கொஞ்சம் முந்தினால் பொய் தெரியும், பிந்தினால் தாடை உடையும். வாங்குவதில் பிரசித்துக்கு நிகராக ஒருவனை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கட்டிலைவிட்டு எழ முடியவில்லை.

"இஞ்சருங்கோ, இது குளிரில்லை. வெளிக்கிடுங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள் வசந்தி.

"ரிகர்சல் இருக்கு வசந்தி."

"எங்க, எழும்பி நில்லுங்கோ பாப்பம்."

நான் எழவில்லை. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சிறு சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. முதுகுத் தண்டுவட நீர் எடுத்துச் சோதித்தார்கள். மறுநாள் அவர் கட்டிலருகே அமர்ந்து பெயரைச் சொன்னார்: கிலான்-பாரே நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி தவறிப்போய் தன் நரம்புகளையே தாக்குவது). மின்கம்பியின் மேலுறை உரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் என் நரம்புகளுக்கு ஆகிக்கொண்டிருந்தது.

"இன்னும் மோசமாகும். பிறகு ஓரிடத்தில் நிற்கும். பிறகு பெரும்பாலும் திரும்பி வரும்" என்றார்.

"எப்போது?"

"தெரியாது. தெரிந்ததுபோல் சொல்ல எனக்கு விருப்பமில்லை."

அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். நோய் அவர் சொன்னபடியே மோசமாகி, கீழிருந்து மேலே ஏறியது. பாதம், முழங்கால், கைவிரல், முழங்கை. மூச்சும் தளர்ந்தபோது தொண்டை வழியாகக் குழாய் இறக்கி சுவாசக் கருவியில் (நமக்காக மூச்சு விடும் இயந்திரம்) இணைத்தார்கள். நாள் விட்டு நாள் ரத்தத்தை வெளியே எடுத்து, அதன் நீர்ப்பகுதியை மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். நினைவு மங்கவில்லை. வலி இருந்தது. பேச்சு இல்லை, கண்களைத் தவிர எதுவும் அசையவில்லை.

வசந்திதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஓமெண்டால் மேல பாருங்கோ. இல்லையெண்டால் கண்ணை மூடுங்கோ. விளங்குதோ?"

மேலே பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படப்பிடிப்பைத் தள்ளிப்போட முடியாது என்ற நிலையில் பிரசித் வந்தான். என்னிடம் சயாம் மொழியிலும் வசந்தியிடம் அரைகுறை ஆங்கிலத்திலும் பேசினான். சண்டையின் பிற்பகுதி முடிவாகவில்லை. நான் பார்த்துச் சொல்லாமல் எடுக்க அவனுக்கு மனமில்லை. பொறுப்பிலிருந்த தாதி யோசித்துவிட்டு, எந்தக் குழாயிலும் கை படக்கூடாது என்று எச்சரித்துத் திரையை இழுத்து மூடினார்.

அடி வாங்க பிரசித் இருந்தான். அடிக்க ஆள் இல்லை.

"நான் நிக்கிறன்" என்றாள் வசந்தி.

என் படங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்தவளில்லை அவள். குளிருக்குப் போட்ட தடித்த கோட்டோடு நின்று, பிரசித் காட்டியபடி முழங்கையை மெல்ல அவன் தாடைக்குக் கொண்டுபோனாள்.

"இவ்வளவு கிட்டவோ?"

கண்ணை மூடினேன்.

"இன்னும் தள்ளியோ?"

மேலே பார்த்தேன். அவள் அரை அடி விலகினாள். பிரசித்தின் தலை திரும்பியது. அந்த இடத்திலேயே அது உண்மையான அடியாகத் தெரிந்தது. தான் செய்ததைக் கண்டு அவளே திடுக்கிட்டாள். இப்படியே ஒவ்வோர் அசைவாக, கருவி எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, சண்டையைக் கட்டினோம்.

கடைசியில் பிரசித் இரும்புப் படிக்கட்டின் உச்சியிலிருந்து முதுகுப்பக்கமாகக் கான்கிரீட் தரையில் விழ வேண்டும். கீழே மறைவாக அட்டைப்பெட்டிகள் அடுக்குவோம், அவ்வளவுதான். நோய்க்கு முன் நானே வகுத்த விழுகை அது. அவன் கையால் காட்டினான். நான் கண்ணை மூடினேன்.

"வேற பக்கம் விழவோ?" என்று அவனுக்காக வசந்தி கேட்டாள்.

மூடியபடியே இருந்தேன்.

"விழவே வேண்டாமோ?"

மேலே பார்த்தேன்.

தயாரிப்பாளர் அதற்காகவே அந்தப் படிக்கட்டைத் தேடிப் பிடித்திருப்பதாக பிரசித் சொன்னான். எத்தனையோ தடவை விழுந்தவன்தானே என்றும் சொன்னான். என்னால் விளக்கம் சொல்ல முடியாது. முதுகுத்தண்டுக்குள் ஓடும் அந்த மெல்லிய இழைகளைப் பற்றிச் சில வாரங்களாக ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொருவன் முதுகைக் கான்கிரீட்டில் போடச் சொல்ல முடியவில்லை. மறுபடி கண்ணை மூடினேன். கண்ணோரம் நீர் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

வசந்தி கைக்குட்டையால் துடைத்தாள். "சரி, சரி. நான் சொல்லுறன்" என்றாள். அவனிடம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பிரசித் என்னை நோக்கிக் கைகூப்பினான்.

அவன் விழவில்லை. கைப்பிடியைப் பற்றியபடி முழங்கால் மடிந்து படியில் சரிந்து உட்கார்ந்தான். படம் அப்படித்தான் முடிகிறது. தயாரிப்பாளருக்குக் கோபம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குளிர்காலம் முடிவதற்குள் நானே மூச்சு விட்டேன். பிறகு மறுவாழ்வுப் பிரிவில் (இழந்த இயக்கத்தைப் பயிற்சியால் மீட்கும் இடம்) தலையை நிமிர்த்தக் கற்றேன், உட்காரக் கற்றேன். கரண்டி பிடித்த அன்று சோர்ந்து மதியம் முழுக்கத் தூங்கினேன். இந்த நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சோர்வைச் சோம்பல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள். முதலில் போனது கடைசியில்தான் வரும். என் பாதங்கள் சூட்டையும் குளிரையும் உணர வெகுகாலம் காத்திருந்தேன்.

படத்தின் வீடியோ கேசட் வந்தபோது ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தேன். வசந்தி முழுப் படத்தையும் என் பக்கத்தில் இருந்து பார்த்தாள். முழங்கை அடி வந்ததும், "இது என்ர" என்றாள்.

சண்டை அமைத்த காலத்தில் ஒரு விநாடியை இருபத்துநான்கு படச்சட்டங்களாக வெட்டி வைத்திருந்தேன். இப்போது பேருந்து நிறுத்தம்வரை நடக்க வேண்டியதைக் காலையிலேயே நினைத்துக்கொள்கிறேன். முன்பு என் உடலை நான் கேட்டதே கிடையாது, ஏவினேன். இன்று கேட்டுவிட்டுத்தான் எழுகிறேன். சில நாள் சம்மதிக்கிறது.

போன மாசி மாதம் ஒரு காலை, செருப்பில்லாமல் சமையலறைக்குப் போனேன். தரை சில்லென்றிருந்தது. நான் அசையாமல் நின்றேன்.

"வசந்தி, காலு குளிருது."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். செருப்பு எடுத்துத் தரவில்லை. தானும் வெறுங்காலோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.