ஜாடியில் நிரப்பிய அருவித் தண்ணீர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். டாக்டரம்மா, அவருடைய தங்கை சரசு, நான். டாக்டரம்மாவின் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நான்தான். கெடுத்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.

இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் டாக்டரம்மா வீட்டில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை எனக்கு. அவர் ஊசி போடுகிற டாக்டர் அல்லர். சென்னையில் தோலைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். சரசுவின் முகத்திலும் கையிலும் வெண்புள்ளிகள். பேசி முடித்த கல்யாணம் அதனால் நின்றுபோனது. தோலில் கறுப்பு எப்படி வருகிறது, ஏன் போகிறது... அதைக் கண்டுபிடிக்கத்தான் ஊரோடு வந்து, பின்கட்டு அறையில் மைக்ராஸ்கோப்பை வைத்தார்.

தவளைத் தோலைச் சிறு சிறு துண்டாக வெட்டித் தட்டுகளில் வைப்பார். ஒரு தட்டில் சென்னையிலிருந்து வந்த உப்புநீர் மட்டும். இன்னொன்றில் அதே உப்புநீரோடு ஓர் இலைச்சாறு. சாற்றைக் கரைக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர். அது திருநெல்வேலியிலிருந்து ரயிலில் ஜாடியில் வரும். "வேற தண்ணி ஒரு சொட்டு படக்கூடாதுட்டி" என்று தினமும் சொல்லுவார்.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. டாக்டரம்மா தென்காசிக்குப் போயிருந்தார். என் கைபட்டு ஜாடி சாய்ந்தது. தண்ணீர் முழுவதும் தரையில்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வேலை போய்விடுமோ, இனி வீட்டுக்குள்ளேயே விடமாட்டாரோ... நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தேன். அருவியில் பிடித்து வந்தேன். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதைவிடச் சுத்தமான தண்ணீர் ஏது? மூலிகையெல்லாம் கரைந்து வருகிற தண்ணீர். அது கெடுதல் செய்யும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

மறுநாள், மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"சரசு, இங்கன வா. கறுப்பு பரவுது பாரு."

"எனக்கு வெறும் புள்ளியாத்தான் தெரியுது."

"ஒத்தக் கண்ண மூடிட்டுப் பாருட்டி. சாறு ஊத்துன தட்டுல மட்டும் மை கொட்டுனாப்ல விரியுது."

சரசு பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "அப்ப எனக்கும் வருமாக்கா?"

"வராம? ஒனக்கு மாப்பிள்ளை தேடி இனி நானே அலையுதேன்." டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குட்டி பேயறைஞ்சாப்ல நிக்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. அது போதாதென்று, அடுத்த ஜாடி ரயிலில் வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு, மறுபடியும் அருவி நீரையே நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் நிரப்பினேன். அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாதே என்றா? என் குட்டு வெளிப்படக் கூடாதே என்றா? இரண்டும்தான்.

டாக்டரம்மா பார்த்ததை எழுதி அனுப்பினார்; சென்னையில் பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் முன்னால் செய்துகாட்டக் கூப்பிட்டார்கள். அங்கே, அவர்களுடைய தண்ணீரில், ஒன்றும் பரவவில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் பரவவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டாள் என்று பேசினார்களாம்.

ஊர் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மறைக்காம சொல்லு. தண்ணில எதுவும் மாத்துனியா?"

"இல்லம்மா. சாமி சத்தியமா இல்ல."

நம்பினார். என்னை நம்பிவிட்டு, தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். மைக்ராஸ்கோப்பை விற்றார். தென்காசியில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். சரசு அந்த அறைப் பக்கம் வருவதையே விட்டாள்.

கறுப்பைப் பரப்பியது தண்ணீரா, இலையா, இரண்டும் சேர்ந்தா... எனக்குத் தெரியாது. கண்டுபிடித்திருக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் சொல்லவில்லை.

அறையைக் காலி செய்த அன்று, கடைசிக் கண்ணாடித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வந்து என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னப் போயி சந்தேகப்பட்டுக் கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காதட்டி."

"அதுக்கென்னம்மா..." என்றேன்.