நிற்காத எஞ்சின்

குருக்கள்மடம் வளைவில் மாடுகள் குறுக்கே வர, புது ஹைபிரிட் காரை நிறுத்தினேன். எஞ்சின் சத்தமே இல்லாமல் தானாக அணைந்தது.

"நிண்டிட்டா மகன்?" பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா."

சுனாமிக்கு அடுத்த வருசங்களில் அப்பா வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடிய கார் இப்படி லேசில் நிற்காது. பெட்ரோல் விலை கட்டுப்படியாகாததால் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுவார். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் இருமி இருமிக் குலுங்கும். காருக்குள் குப்பி விளக்கு மணம் நிறையும். அதனால் வண்டிகளை மறித்துச் சோதிக்கும் இராணுவச் சென்றிக்கு வெகு முன்பே எஞ்சினை அணைத்துவிட்டு, உருட்டிக்கொண்டு போய்த்தான் நிறுத்துவார்.

ஒருநாள் இதே வளைவில் புதிதாக ஒரு சென்றி போட்டிருந்தார்கள். வளைவு திரும்பும்வரை அது அப்பாவுக்குத் தெரியவில்லை.

"எஞ்சினை நிப்பாட்டு" என்றான் சிப்பாய்.

அப்பா சாவியை உருவி உயர்த்திக் காட்டினார். "நிப்பாட்டிட்டன் சேர்."

எஞ்சின் குலுங்கிக்கொண்டே இருந்தது. அப்பாவை இழுத்து இறக்கினார்கள். பின் சீட்டிலிருந்த அம்மாவும் நானும் கைகளை முன் சீட்டின் மேல் தெரியும்படி வைத்திருந்தோம். அவரை ஜீப்பில் ஏற்றும்போதுதான் எஞ்சின் கடைசியாக ஒருமுறை இருமி நின்றது. அப்பா திரும்பி வரவேயில்லை.

மாடுகள் போய்விட்டன. காரை எடுக்குமுன் கண்ணாடியில் பார்த்தேன்.

அம்மாவின் இரண்டு கைகளும் முன் சீட்டின் மேல் இருந்தன.