மூன்று தட்டு இடம்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், தோலைத் தரம் பிரிக்கும் மேசையின் இரு பக்கமும் நானும் ஒரு பாயும் எதிரெதிரே நிற்போம். இருவருக்கும் ஒரே வயது. கீறலும் உண்ணி கடித்த தழும்பும் பார்த்துத் தோலை அடுக்குவதுதான் வேலை. நான் வெண்பா எழுதுகிறவன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பாய் உருதுவில் கஜல் எழுதுகிறான் என்று தெரிந்ததும், அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

மத்லா என்றால் முதல் ஈரடி. ரதீஃப் என்றால் அடியின் முடிவில் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் சொல். அதற்கு முன்னால் ஒலி ஒத்து வருவது காஃபியா. "நம்ம இயைபுதானே" என்று அலட்டினேன். "அவசரப்படாதே" என்பான். தன் கஜல் ஒன்றையே பாடமாக வைத்து, அர்த்தம் சொல்லி, தோலின் மேல் விரலால் தாளம் தட்டி எனக்கு மனப்பாடமாக்கினான். கடைசி ஈரடிக்குப் பெயர் மக்தா. அதில் ஓரிடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு மூன்று முறை தட்டுவான். அதுவும் இலக்கணம் போலிருக்கிறது என்று நானும் மூன்று தட்டுத் தட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என் கௌரவம் என்ன ஆவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்யாண மண்டபத்தில் முஷாயிரா, அதாவது கவியரங்கம். "நீ படிச்ச கஜல் இன்னைக்கு மேடை ஏறுது, வா" என்று பாய் கூப்பிட்டான். அவனை எப்போது அழைப்பார்கள் என்று காத்திருந்தேன். ஊரில் பெரிய தோல் வியாபாரி ஒருவர் மைக் முன் வந்தார். முதல் அடியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கஜல். ஒரு சொல் மாறவில்லை. மக்தா வந்தது. பாய் மூன்று தட்டுத் தட்டும் இடத்தில் அவர் தம் புனைபெயரைச் சொன்னார். கச்சிதமாகப் பொருந்தியது.

திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் பாய் கையை உயர்த்தி, எல்லோருக்கும் முந்தி "முகர்ரர்" என்று குரல் கொடுக்கிறான். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் எழப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

வெளியே டீக்கடையில், "இன்னா பாய் இது? திருடிட்டாரா?" என்றேன்.

"நான்தான் எழுதிக் குடுக்கறேன். மக்தால கவிஞன் பேர் வரணும். தோல் பிரிக்கறவன் பேர் வந்தா எவன் கேப்பான்? இப்ப பாரு, மண்டபமே ரெண்டு வாட்டி கேட்டுது."

அவனை அசத்துவதற்காகத் தமிழில் எழுதி வைத்திருந்த என் முதல் கஜலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். படித்துக்கொண்டே வந்தவன் கடைசி ஈரடியில் நின்றுவிட்டான்.

"இங்க ஏன் காலியா வுட்டிருக்கே?"

"நீ அப்படித்தானே கத்துக் குடுத்தே."

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "உன் பேரை எழுது. இப்பவே எழுது."

"என் பேர் மூணு தட்டுல அடங்காது பாய்."

"அடியை மாத்திக்கோ. பேரை வுட்டுடாதே."

எழுதினேன். பிறகு, "உன் பேர் எத்தனை தட்டு?" என்று கேட்டேன்.

விரலை மேசைமேல் வைத்தான். அதுவரை அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை.