எழாத கை

சரணாலயத்தின் வாயிலில் வரிசைகட்டி நிற்கும் ஜீப்புகளுள் கண்ணாடி எப்போதும் பளிச்சென்றிருப்பது மாப்பிள்ளையினுடையது. மனைவியின் ஊரிலேயே வந்து குடியேறி, அங்கே ஜீப் ஓட்டும் அவளுடைய தம்பி பேசி வாங்கிக் கொடுத்த வேலையில் சேர்ந்தவர் என்பதால் சக ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை. மனைவி கண்மூடி ஓராண்டு கழிந்த பிறகும் மாறவில்லை. அப்படி அழைக்கும்போது யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

காட்டுக்குள் போன் எடுக்காது. கத்திப் பேசவும் கூடாது. ஆகவே இரண்டு ஜீப்புகள் எதிரெதிரே கடக்கும்போது ஓட்டுநரின் ஒரு கை ஸ்டீயரிங்கை விட்டு எழும். மூடிய முட்டி என்றால் யானை, வளைத்த ஒற்றை விரல் என்றால் சிறுத்தை; பிறகு கட்டைவிரல் திசையைச் சொல்லும். ஒன்றும் தென்படவில்லையென்றால் கை எழாது. கண்டதை மறைக்கக் கூடாது என்பது எங்கும் எழுதி வைக்காத சட்டம். எதையும் பார்க்காமல் திரும்பும் விருந்தினர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குவார். மறுமுறை அந்த ஓட்டுநரைத் தேடி வரமாட்டார். ஒருவர் கண்ணை நம்பித்தான் மற்றவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த அடுப்புகளை நெடுங்காலம் எரியவிட்டவள் கிழிஞ்ச காது. இடது காதின் ஓரம் பிய்ந்த கிழட்டுப் பெண் யானை. வேறெதுவும் கண்ணில் படாத நாளிலும் அவள் குளக்கரையில் நின்று எல்லாருடைய மானத்தையும் காப்பாற்றுவாள். கோடை தொடங்கியபோது அவளைக் காணவில்லை. ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் விசாரித்து அலுத்தார்கள்.

மாப்பிள்ளை அவளைக் கண்டது தற்செயலாகத்தான். பெரிய பாதையில் மரம் விழுந்திருந்ததால் மூங்கில் புதருக்குப் பின்னால் போகும் பழைய தடத்தில் ஜீப்பைத் திருப்பினார். பின்னிருக்கையில் இருந்த தம்பதி சலித்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தனர். பள்ளத்துச் சேற்றில் கிழிஞ்ச காது சாய்ந்து நின்றிருந்தாள். விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. ஒரு பிடி புல்லை வாயில் வைத்து வெகுநேரம் மென்றாள். பிறகு அதை அப்படியே கீழே விட்டாள். அவர் தம்பதியை எழுப்பவில்லை. சற்றுத் தொலைவில் எதிரே வந்த ஜீப் அவருடைய மைத்துனனுடையது. மாப்பிள்ளையின் கை எழவில்லை.

வனக் காவலரிடம் மட்டும் அவர் சொன்னார். காவலர் ஏற்கெனவே மருத்துவரை அழைத்து வந்து காட்டியிருந்தார்.

"கடைசிப் பல்லும் தேஞ்சு போச்சு, இனிமே மென்னு தின்ன முடியாதுன்னு சொல்லிட்டாரு. செய்ய ஒண்ணுமில்ல. நிம்மதியா போனா சரி."

அந்தத் தடத்தை மூடிவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். மூட வேண்டுமானால் மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டும், எழுதிக் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், வாயை மூடிக்கொள்வதுதான் வழி என்று காவலர் சொல்லிவிட்டார்.

வாயை மூடுவது அவருக்குக் கடினமாக இல்லை. மனைவியின் கடைசி நாட்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தன. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் கைவிட்ட பிறகு அவள் கட்டிலை முன்னறையில் போட்டிருந்தார்கள். தெருவே வந்து பார்த்தது. வருகிறவர்கள் நிற்கக் கூடாதென்று அவர் நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். மைத்துனன் போனை உயர்த்திப் பிடித்து, தூரத்தில் இருந்த உறவினர்களுக்கெல்லாம் அக்காவின் முகத்தைக் காட்டினான். அவள் போர்வையை மேலே இழுக்கப் பார்த்தாள், கையில் வலுவில்லை. கணவனைக் கண்ணால் அழைத்துச் சொன்னாள்.

"எல்லாரையும் கொஞ்சம் போகச் சொல்லுங்க."

"வந்தவங்கள எப்படிம்மா போகச் சொல்றது?"

அவர் உள்ளே போய், வந்தவர்களுக்குத் தேநீர் எடுத்து வந்தார். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். தட்டைக் கையில் ஏந்தியபடி, கூட்டத்துக்குப் பின்னால் அவர் நின்றார்.

கிழிஞ்ச காது விஷயத்தில் அப்படி நடக்க விடுவதில்லை என்று அவர் உறுதிகொண்டார். எந்த ஜீப் எதிரே வந்தாலும் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. ஆனால் தினமும் விருந்தினரை இறக்கிவிட்டு, வண்டியில் ஏதோ சத்தம் கேட்கிறது, ஓட்டிப் பார்த்து வருகிறேன் என்று சொல்லி உள்ளே போய், மூங்கிலுக்கு அருகே எஞ்சினை அணைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். துணைக்கு இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டார்.

அதுவே காட்டிக் கொடுத்தது. சரணாலயத்துப் பாதையெல்லாம் செம்மண். அந்தப் பள்ளத்தில் மட்டும் கரிய களிமண். கண்ணாடியைத் துடைத்தவருக்குச் சக்கரத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. விடுமுறைக் கூட்டம் நெரிந்த ஒரு காலையில், வரிசையில் நின்ற மைத்துனன் குனிந்து டயரிலிருந்து கறுப்பு மண்ணைச் சுரண்டி எடுத்து விரலில் தேய்த்தான்.

"மாமாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு."

அன்று மாப்பிள்ளையின் ஜீப்பில் ஏறியவர் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். குடும்பமும் உடன் வந்திருந்தது. நாட்டிலுள்ள தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவருவதாகவும், இதுவே கடைசி என்றும் சொன்னார். எதிரே வந்த முதல் ஜீப்பிலேயே முட்டி எழுந்தது. கட்டைவிரல் மூங்கில் புதரைக் காட்டியது. அதிகாரிக்கும் அது புரிந்துவிட்டது. மாப்பிள்ளை திரும்பாமல் நேரே போகப் பார்த்தார். பின்னிருக்கைப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கடைசியில் திருப்பினார்.

பள்ளத்தைச் சுற்றி ஜீப்புகள் வளைத்து நின்றன. கிழிஞ்ச காது ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாள். எழுவதற்காக முன்காலை ஊன்றினாள், சேறு வழுக்கியது. மறுபடியும் ஊன்றினாள். ஒவ்வொரு முறையும் கேமராக்கள் நிமிர்ந்தன. இவ்வளவு காடுகளில் எத்தனையோ யானைகளைப் பார்த்தாயிற்று, சாகிற யானையை மட்டும் எங்கும் பார்த்ததில்லை என்று அதிகாரி மெல்லிய குரலில் மனைவியிடம் சொன்னார்.

மாப்பிள்ளை ஜீப்பை இடைவெளியில் நுழைத்து, அவளுக்கும் மற்ற வண்டிகளுக்கும் குறுக்கே நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மறைக்காதே என்று பல குரல்கள் எழுந்தன. அவர் எழுந்து நின்றார். கூட்டத்தின் முன் அதுவரை பேசியறியாதவர்.

"வந்தவங்க எல்லாரும் கொஞ்சம் போங்க."

யாரோ சிரித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், தன் விருந்தினர் தடுத்தும் கேளாமல் ஜீப்பைப் பின்னால் எடுத்தான். அவன் போனதும் மற்றவர்களும் வசைபாடிக்கொண்டே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பள்ளம் அமைதியானது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் விடாமல் கேட்ட அந்தச் சிறு ஒலி மாப்பிள்ளையின் காதில் விழுந்தது. அதிகாரியும் பிள்ளைகளும் இருக்கைமேல் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களையெல்லாம் விரட்டிவிட்டு, அவளுக்கு மிக அருகில் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான்.

சாவியைத் துழாவி எடுப்பதற்குள் அவளுடைய கிழிந்த காது அசைவது நின்றுவிட்டது.

ஓட்டுநர்கள் கூடிப் பேசினார்கள். வரிசையில் மாப்பிள்ளையின் இடத்தைப் பறிக்கவில்லை. கண்டதை மறைத்தவருக்கு இனி யாரும் கை எழுப்புவதில்லை என்று மட்டும் முடிவாயிற்று.

அன்று மாலை மைத்துனன் வீட்டுக்கு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை முன்னறை மூலையில் அடுக்கியிருந்த நீல ஸ்டூல்களில் ஒன்றை உருவப் பார்த்தார். ஓராண்டாகத் தொடாததால் ஒன்றோடொன்று இறுகியிருந்தன.

"வேணாம் மாமா, விடுங்க." தரையைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா அன்னிக்கு என்கிட்டயும் சொன்னா. போனைக் கீழ வைடான்னு. நான் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்."

மாப்பிள்ளை ஸ்டூலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"உங்களுக்குக் கை தூக்க மாட்டேன் மாமா. எல்லாரும் பாக்குறாங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அத மட்டும் மனசுல வெச்சுக்காதீங்க."

மறுநாள் காலை குளக்கரைப் பாதையில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். வழியில் ஒரு யானைக் கூட்டத்தைக் கண்டிருந்த மாப்பிள்ளை வழக்கம்போல் முட்டியை உயர்த்தித் திசை காட்டினார். மைத்துனனின் இரு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. ஆனால் அவன் விருந்தினர் முகமெல்லாம் மலர்ந்து, கேமராவில் எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே வந்தவர் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்று பின்னிருக்கையிலிருந்த பெண் கேட்டாள்.

"ஒண்ணும் பாத்திருக்க மாட்டாரும்மா" என்றார் மாப்பிள்ளை.