ஐஸ் இல்லாத கிண்ணம்

"தம்பி, பழுத்த மொந்தன் இருக்கோ?"

இங்கே மிச்சம் (Mitcham) நகரில் நான் வழக்கமாகப் போகும் தமிழ்க்கடை. கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மொந்தன் காய்தானே அன்ரி எல்லாரும் வாங்கிறது? பழுத்தா ஆர் வாங்கப்போகினம்? எறியத்தான் பின்னாலை ஒரு பெட்டியிலை போட்டு வைச்சிருக்கிறம்."

"அந்த எறியிறதைத்தான் தாங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்து வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்கறிக்கும் பொரியலுக்கும் மட்டுமே மொந்தனைத் தெரிந்த சனம் நாங்கள். அது மஞ்சளாகிவிட்டால் நம்மிடம் அதற்கு மதிப்பில்லை. பிலிப்பீன்ஸ்காரருக்கோ பழுத்த பிறகுதான் அதில் ருசி. அவர்கள் ஊர் 'சபா' வாழைக்கு நம் மொந்தன் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தங்கை மாதிரி.

யாருக்காக இந்தத் தேடல்? கோராவுக்காக.

இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்குக் கோராவை நினைவிருக்கும். பக்கத்து வீட்டுப் பிலிப்பீன்ஸ்காரி. பல காலம் நேர்ஸாக வேலை செய்தவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் பக்கத்தில் இருந்து, பிரசங்கம் நீண்டால் முழங்கையால் இடிப்பவள். என்னை 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவாள் — அவர்கள் மொழியில் அக்கா. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் சிரித்தால் எங்கள் குசினியில் கேட்கும். இந்த வருடம் வசந்தத்திலிருந்து இருமல் மட்டும்தான் கேட்டது.

கான்சர். இனி மருந்தால் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாயெல்லாம் புண். சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய கணவர் ரோமி எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் தலையை மறுபக்கம் திருப்பிவிடுவாளாம்.

ஒரு நாள் ரோமி எங்கள் கதவைத் தட்டினார். கையில் போன். போனில் ஒரு படம். உயரமான கிளாஸ்... அடியில் பாகில் ஊறிய வாழைப்பழம், அதன் மேல் துருவிய ஐஸ், எல்லாவற்றுக்கும் மேலே பால்.

"கோரா இதைக் கேட்கிறாள்," என்றார் ஆங்கிலத்தில். "இவ்வளவு நாளும் அவள் வாயைத் திறந்து ஒன்றுமே கேட்டதில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது. இந்த வாழைப்பழம் உங்கள் கடைகளில்தான் கிடைக்குமாம்..."

யோசிக்காமல் சரி என்றேன்.

எறிய வைத்த பழங்கள் அப்படித்தான் என் குசினிக்கு வந்தன. தோலை உரித்து, துண்டாக்கி, பிரவுன் சுகரும் தண்ணீரும் சேர்த்து அடுப்பில் வைத்தேன். ஒரு சிட்டிகை உப்பு. கொஞ்சம் வனிலா. பழம் கரையாமல் பாகு மட்டும் தடித்துக்கொண்டு வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. இத்தனை வருடமும் கறியில் போட்டு வதைத்த மொந்தனா இது?

வாசத்துக்கு என் கணவர் எழும்பி வந்தார்.

"என்னப்பா, வீட்டிலை ஏதும் விசேஷமோ?"

"கோராவுக்கு. மேலை ஐஸ் போட்டுக் குடுக்கவேணுமாம்."

"உமக்கென்ன விசரே? வருத்தக்காரிக்கு ஐஸ் குடுக்கிறதோ? ஏற்கெனவே இருமல். தடிமன் பிடிச்சு மூக்கும் ஓடத் தொடங்கினால்?"

உண்மையைச் சொல்லட்டுமா? அவர் சொல்லும் முன்பே என் மனதில் இருந்ததும் அதுதான். நாம் அப்படி வளர்ந்தவர்கள். காய்ச்சல் என்றால் தலைமுழுக்கு இல்லை. இருமல் என்றால் தயிர் இல்லை, வாழைப்பழம் இல்லை. ஐஸா... பேச்சே இல்லை. யோசிக்காமல் சம்மதித்த வாழைப்பழமே பிறகு மனதை உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே ஐஸை விட்டுவிட்டேன். பாலை நன்றாகச் சூடாக்கி மேலே ஊற்றி, மூடி போட்டு, துவாயால் சுற்றி, பத்திரமாகக் கொண்டுபோனேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு என்னைப் பற்றியே ஒரு நினைப்பு.

கோரா தலையணையில் சாய்ந்திருந்தாள். கிண்ணத்தைக் கண்டதும் கண் மலர்ந்தது. கரண்டியால் கிளறினாள். எதையோ தேடுவது போல மறுபடியும் கிளறினாள்.

"ஆத்தே... யெலோ எங்கே?"

யெலோ என்றால் ஐஸ்.

"நீ இருமுகிறாய். குளிர் கூடாது. தடிமன் பிடித்துவிடும்," என்றேன்.

கோரா சிரித்தாள். சுவருக்கு அப்பால் கேட்டுப் பழகிய அதே சிரிப்பு. பாதியில் இருமல் வந்து அதை நிறுத்தியது. மூச்சு வந்த பிறகு சொன்னாள்:

"ஆத்தே, நான் நேர்ஸ். எனக்கு இனித் தடிமன் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?"

என் மனம் நோகக்கூடாது என்று ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். சூடு புண்ணில் பட்டிருக்க வேண்டும். முகம் சுருங்கியது. அந்த வாய்க்கு இதமாக இருந்திருக்கக்கூடியது ஐஸ் ஒன்றுதான். அதைத்தான் நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"நல்ல ருசி," என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நாளைக்கு ஐஸோடு கொண்டு வா."

வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இருந்த ட்ரே எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி பிரீசரில் வைத்தேன். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, பிரீசரில் இருந்த மீன் பொதியை எடுத்துக் கடைசி ட்ரேக்கு இடம் பண்ணித் தந்தார்.

அடுத்த நாள் காலை இன்னொரு சிக்கல். ஐஸ் துருவும் மெஷின் நம் வீடுகளில் ஏது? இருப்பது சம்பல் அரைக்கும் கிரைண்டர் ஒன்றுதான். அதில் அடித்த ஐஸ் செத்தல் மிளகாய் மணந்தது. புண் வாய்க்கு மிளகாயா! கிரைண்டரைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்து, கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவி... கடைசியில் வெள்ளை வெளேரென்று ஐஸ் தூள் வந்தது. பிளாஸ்கில் அடைத்தேன். பழத்தையும் பாகையும் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வாசலில் அம்புலன்ஸ்.

இரவு முழுக்க மூச்சுக்குக் கஷ்டப்பட்டாளாம். ரோமி ஒரு பையோடு பின்னால் ஏறினார். நான் பிளாஸ்கை அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன்.

அவளைக் கடைசிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து நேராக அங்கே போனேன். பாகுக் கிண்ணத்தைக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். அங்கிருந்த நேர்ஸ் அதைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"இனி விழுங்க முடியாது. புரையேறிவிடும். வாய் காயாமல் இருக்கச் சின்ன ஐஸ் துண்டு மட்டும் கொடுக்கலாம். விருப்பமென்றால் நீங்களே கொடுங்கள்."

கடுதாசிக் கப் ஒன்றை என் கையில் தந்துவிட்டுப் போனாள். கப் நிறைய ஐஸ்.

ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து அவள் உதட்டில் வைத்தேன். உதடு மெதுவாக அதை உள்ளே எடுத்துக்கொண்டது. கோரா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். குரல் மிக மெல்லியதாக வந்தது.

"ஆத்தே... வாழைப்பழம் எங்கே?"

என்னைப் பகிடி பண்ணுகிறாள்! அந்த நிலைமையிலும்! ரோமி சிரித்தார்... சிரித்தபடியே அழுதார். எனக்குச் சிரிப்பே வரவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஐஸைச் சப்பிக்கொண்டே மறுபடியும் கண்ணை மூடினாள்.

புதன்கிழமை கோரா போய்விட்டாள்.

சுவருக்கு அப்பால் இப்போது ரோமியின் டிவி மட்டும் கேட்கிறது. எங்கள் பிரிட்ஜில் அந்தப் பாகு இன்னும் இருக்கிறது. கணவரும் அதைத் தொடவில்லை, நானும் எறியவில்லை. நேற்றுக் கடைக்குப் போனபோது தம்பி தானாகவே உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டு வந்தார்.

"அன்ரி, பழுத்த மொந்தன் கொஞ்சம் உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான்."

இனித் தேவையில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

நோயாளி ஒருவர் ஐஸ் கேட்டால் கொடுத்துவிடுங்கள். தடிமனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.