பெயர் சொல்லாத மனைவியும் என் ஹாம் ரேடியோவும்

போன வருடம் துர்கா பூஜையில் தொடங்கி, இந்த வருடப் பொங்கலன்று முடிந்த கதை இது. நடந்தது கொல்கத்தாவில், டாக்குரியா ஏரிக்கு அருகில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புயலில் இரண்டு நாள் செல்போன் வேலை செய்யவில்லை. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்துக்குப் போன என் கணவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் இருவரும் சேர்ந்து படித்து, தேர்வு எழுதி, செல்போன் கோபுரம் இல்லாமலே ஒருவரோடொருவர் பேச உதவும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கினோம். ஆளுக்கொரு கைக்கருவி. மாலையில் ரயிலை விட்டு இறங்கியதும் அவர் ரேடியோவில் கூப்பிட்டு, ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்பார். நான் கத்தரிக்காய் என்பேன், கொத்தமல்லி என்பேன். அதே அலைவரிசையில் இருக்கும் வங்காளி நண்பர்கள் எங்கள் தமிழைக் கேட்டு ரசிப்பார்கள்.

பூஜை சமயத்தில் எங்கள் தெருப் பந்தலருகே நான் ஒரு இட்லி, வடைக் கடை போட்டேன். கூட்டம் தாங்கவில்லை. வீட்டுச் சமையலறையில் இருந்த கணவருக்கு ரேடியோவிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் நாற்பது இட்லி, பத்து பார்சல், கஸ்டமர் காத்திருக்கிறார் என்று மூன்று நாள் ஓயாமல் பேசினேன். எங்கள் தமிழ் புரியாவிட்டாலும் பார்சலும் கஸ்டமரும் எல்லோருக்கும் புரியுமே.

மூன்றாம் நாள் ஒரு குரல் குறுக்கிட்டது. பேஹாலாவில் இருக்கும் மூத்த ஹாம் ரேடியோக்காரர் ஒருவர். எல்லோரும் அவரை 'தாதா', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை திதி, அக்கா என்பார். வங்காள மொழியில் மெதுவாகத்தான் சொன்னார்: "திதி, கடை விஷயத்தை இதில் பேசாதீர்கள். வியாபாரத்துக்கு வேறு அலைவரிசை, வேறு கருவி இருக்கிறது."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் கத்தரிக்காய் பேசினோமே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அது உங்கள் வீட்டுக் குழம்புக்கு, சொந்தப் பேச்சு, தாராளமாகப் பேசலாம். இது விற்பதற்கு என்றார். இத்தனை பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டாரே என்று எனக்கு ரோஷம். கருவியை அணைத்து பீரோ மேல் வைத்தவள் மூன்று மாதம் தொடவில்லை. கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

பொங்கலன்று காலை, பானை பொங்கி இறக்கிய கையோடு என் செல்போன் அடித்தது. தாதாதான். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. கங்கை கடலில் கலக்கும் இடத்தில் சங்கராந்திக்கு நடக்கும் கங்காசாகர் மேளாவில் ஒரு அம்மா கணவரைத் தொலைத்துவிட்டு முகாமில் உட்கார்ந்திருக்கிறாராம். தமிழ் தவிர எதுவும் தெரியாதாம். முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். வெளியூர்க் கூட்டமெல்லாம் இன்று படகு ஏறிவிடும். மேளாவில் செல்போன் எடுக்கவில்லை, குரலைக் கடத்த வழியில் கருவி வைத்திருக்கிறோம், ரேடியோவை ஆன் பண்ணுங்கள் என்றார்.

பீரோ மேலிருந்து கருவியை இறக்கி ஆன் செய்தேன். முகாமில் இருந்த ஹாம் ரேடியோக்காரர், தன் கருவியை அந்த அம்மாவின் வாயருகே பிடித்தார். நான் பேசிய முதல் வார்த்தையிலேயே அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

தேனிப் பக்கத்து ஊர். ஊர் சொன்னார், பஸ் நிறம் சொன்னார், கணவர் பச்சை மஃப்ளர் கட்டியிருப்பதைச் சொன்னார். கணவர் பெயரை மட்டும் சொல்ல மறுத்தார். முந்தின நாளிலிருந்து எல்லோரும் சைகையில் கேட்டுத் தோற்றது இந்த இடத்தில்தான்.

"அவுக பேரை நான் எப்புடித்தா சொல்லுவேன்?" என்றார் கடைசியில்.

"சரிம்மா, சொல்ல வேண்டாம். சாமி பேரா?"

"பழனி மலையில நிக்கிறாகல்ல, அவுக."

"பழனிச்சாமியா?"

"இல்லத்தா. கையில என்ன வச்சிருக்காக, அத யோசி."

வேலா, தடியா என்று திணறினேன். பக்கத்தில் நின்ற என் கணவர் "தண்டபாணி" என்று முணுமுணுத்தார். நான் அதைச் சொன்னதும் அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு சின்னச் சிரிப்பு. "அதேதான்."

பிறகு முகாமில் கருவியை ஒலிபெருக்கி மைக்கோடு சேர்த்துப் பிடித்தார்கள். தண்டபாணி ஐயா, உங்கள் வீட்டம்மா ஹாம் ரேடியோ முகாமில் பத்திரமாக இருக்கிறார் என்று டாக்குரியாவில் நின்றுகொண்டு நான் தமிழில் சொல்ல, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அந்த மணல்வெளியெங்கும் கேட்டதாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னேன். நடுநடுவே அந்த அம்மாவிடம் பேசி, ஒரு டம்ளர் பால் குடிக்க வைத்தேன்.

கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். வழக்கமாக அரட்டை நிறைந்திருக்கும் அந்த அலைவரிசையில் வேறு ஒரு குரல்கூட வரவில்லை. கொல்கத்தா முழுவதும் அத்தனை பேரும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பொத்தானைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதே அலைவரிசையில் அந்த நேரம் யாராவது பார்சல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு முகம் சூடானது.

கடைசியில் கருவியில் ஒரு ஆண் குரல் கேட்டது. அவர் என்னிடம் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்று மனைவியைத்தான் கேட்டார். அந்த அம்மா மட்டும், "வந்துட்டாகத்தா, நீ நல்லாருப்ப" என்றார். அதற்குள் அடுத்த காணாமல்போனவரின் செய்தி வந்துவிட்டது.

அன்று மாலை சர்க்கரைப் பொங்கலோடு பேஹாலா போய் தாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, அவரே ஒரு மருந்துக் கடைக்காரர். கடைக்குள்தான் அவருடைய ரேடியோவும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு மாத்திரை விஷயத்துக்குக்கூட அதைத் தொட்டதில்லையாம். "தமிழ் பேச ஆள் வேண்டுமென்று நான்தானே திதி உங்களைத் தேடினேன், மன்னிப்பு எதற்கு?" என்றவர், பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்றும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு நொடி நின்று கேட்கிறேன். கணவர் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்ட ஒரு மனைவிக்காக முகம் தெரியாத அத்தனை பேரும் காத்திருந்த அந்த அமைதி, ஒவ்வொரு தடவையும் என் காதில் விழுகிறது.